பெயரிலே கவுரவம்! ரெயிலடியிலே ஓட்டம்!

தாம்பரம் ரெயில் நிலையம். காலை 8 மணி. கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. ஒருவர் மட்டும் வாசல் வரை வந்துவிட்டுச் சட்டென்று திரும்புகிறார். இரண்டு பெட்டி தள்ளி ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார்.

யாரைக் கண்டு ஓட்டம்? கடன்காரனையா? போலீசையா? இல்லை. வாசலில் நின்றவர் கூடப்படித்த சிநேகிதர்!

ஓடியவர் டாக்டர் பட்டம் வாங்கியவர். நகரத்தில் ஒரு அரசு கலைக்கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறார். வயது 41. பெயர் வேண்டாம். (பெயரைப் போட்டால் அடுத்த வருஷம் அவருக்கு வேலை இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?) பதவியின் பெயரை மட்டும் சொல்லலாம். "கவுரவ விரிவுரையாளர்."

சிநேகிதர் நல்ல மனிதர்தான். பார்த்ததும் தோளில் கை போடுவார். "எப்படிடா இருக்கே?" என்பார். அதுவரை ஒன்றும் இல்லை. அடுத்த கேள்விதான் கத்திக்குத்து.

"பர்மனென்ட் ஆயிட்டியா?"

12 வருஷமாக இதே கேள்வி. முதல் நாலைந்து வருஷம் "ஆயிடும்டா" என்று சிரித்துச் சமாளித்தார். அப்புறம் "பார்க்கலாம்டா" என்றார். இப்போது பெட்டி மாறி ஏறுகிறார்.

41 வயது "தம்பி"!

கல்லூரிக்குள் போனால் கதை வேறு மாதிரி. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் நிரந்தரப் பேராசிரியர். நம்மவருக்கு மூன்று வருஷம் ஜூனியர். ஒரே பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் நம்மவரிடம் நோட்ஸ் வாங்கிப் படித்தவர். தனியாக இருந்தால் இன்றைக்கும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். துறைத்தலைவர் உள்ளே வந்துவிட்டால் அண்ணே போய்விடும். "சார்" வந்துவிடும்.

துறைத்தலைவருக்கோ நம்மவர் எப்போதும் "தம்பி"தான். "தம்பி, நாக் குழு வருது. அந்த பைலை கொஞ்சம் முடிச்சுக் கொடுத்திடுங்க. உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருது." பாராட்டு மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போக ராத்திரி 8 மணி ஆகிவிடும். பைலில் கையெழுத்து துறைத்தலைவருடையது.

மாணவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? முதல் வருஷப் பையனுக்குத் தெரியாது. மூன்றாம் வருஷப் பையனுக்கு நன்றாகத் தெரியும்!

டீக்கடையில் ஜூனியர் முந்திக்கொண்டு காசு கொடுத்துவிடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் தினமும் அவரே கொடுத்தால்? டீயும் கசக்கத்தானே செய்யும்!

கணக்கைப் பாருங்கள்

2024-25 கல்வி ஆண்டில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கவுரவ விரிவுரையாளருக்கு மாதம் ரூ.25 ஆயிரம் தொகுப்பூதியம். அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் கிடையாது. ஆக வருஷத்துக்கு ரூ.2 லட்சத்து 75 ஆயிரம். 365 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 753 ரூபாய்.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் உதவிப் பேராசிரியருக்கு 7-வது சம்பளக்குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளமே ரூ.57 ஆயிரத்து 700. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

பல்கலைக்கழக மானியக்குழு 2019-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தற்காலிக ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500 கொடுங்கள், மாதம் ரூ.50 ஆயிரத்துக்கு மிகாமல் கொடுங்கள் என்றது. ஒரு உதவிப் பேராசிரியருக்கு வாரத்தில் 16 வகுப்பு. மானியக்குழு விலைப்படி ஒரு வாரத்துக்கே 24 ஆயிரம் ஆகிவிடுகிறது! உச்சவரம்பை வைத்துப் பார்த்தாலும் இவர்கள் வாங்கியது சரிபாதி.

இப்படி ஒருவர் இருவர் அல்ல. மாநிலம் முழுவதும் 7 ஆயிரம் பேருக்கு மேல். பல கல்லூரிகளில் இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் பாதி வகுப்பு நடக்காது.

"தற்காலிகம் என்று தெரிந்துதானே வந்தார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆறு மாதம் என்றால் தற்காலிகம். ஒரு வருஷம் என்றாலும் தற்காலிகம். 12 வருஷம் வேலை வாங்கிவிட்டு அதற்கும் அதே பெயரா?

அண்ணாச்சி நோட்டு

பழைய மாணவர்களைச் சந்திப்பது இன்னொரு சங்கடம். ஒருவர் இப்போது போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். நடுரோட்டில் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து சல்யூட் அடித்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க சார் வீடு? டிராப் பண்றேன்" என்றார் மாணவர். "பரவாயில்லப்பா, பஸ்லயே போறேன்" என்று சொல்லிவிட்டார். வீடு என்பது ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அதை மாணவன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

பெண் பார்க்கப் போன காலத்திலும் இதே கதை. "கவர்ன்மென்ட் காலேஜா, பேஷ்" என்றார் தரகர். "நிரந்தரமா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. பாங்கில் கடன் கேட்டபோது மேனேஜரும் அதையேதான் கேட்டார். அவராவது நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்!

கேள்வியே கேட்காத ஆள் ஒருவர்தான். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. மே மாதம் பிறந்தால் தானாகவே நோட்டை எடுத்துவிடுவார். "சாருக்கு ஜூலையில பாத்துக்கலாம், அரிசியைத் தூக்குடா" என்று பையனுக்கு உத்தரவு போடுவார். மே மாதத்திலும் வாத்தியார் வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்பது எட்டாம் வகுப்பு படித்த அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. கோட்டையில் பைல் பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை.

எத்தனை பரீட்சை?

சரி, நிரந்தர வேலைக்கு வழி என்ன? 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,300-க்கு மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு மனு வாங்கியது. அந்த நியமனம் நடக்கவே இல்லை. 2024 மார்ச்சில் 4 ஆயிரம் இடங்களுக்குப் புது அறிவிப்பு வந்தது. 57 வயது வரை மனு போடலாம் என்றார்கள். 60 வயதில் ஓய்வு! அந்த ஆகஸ்டு மாதம் நடக்கவேண்டிய பரீட்சையும் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ராத்திரி கண் விழித்துப் படிப்பார்கள். தேதி போய்விடும். வயது மட்டும் நிற்காமல் ஓடும்.

எல்லாரையும் பரீட்சை இல்லாமல் அப்படியே நிரந்தரமாக்கு என்று கேட்பது சரியாகாது. வெளியே படித்துவிட்டு வரிசையில் நிற்கும் இளைஞர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பரீட்சை வைக்கட்டும். பல வருஷம் பாடம் நடத்தியவருக்கு அனுபவத்துக்கு உரிய மார்க் கொடுக்கட்டும். சொன்ன தேதியில் வைக்கட்டும்.

ஆனால் சம்பளம் பரீட்சைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மானியக்குழு சொன்ன தொகையைக் கொடுக்கவும், மே மாதத்தைச் சேர்த்து 12 மாதமாக்கவும் எந்தக் கேள்வித்தாளும் அச்சடிக்க வேண்டாம். ஒரு அரசாணை போதும்.

நிரந்தரப் பேராசிரியர்களுக்கு அந்த அரசாணைகூடத் தேவையில்லை. அந்த நாக் பைலில் எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடலாம். துறைத்தலைவர் உள்ளே வரும்போதும் "அண்ணே" என்றே கூப்பிடலாம்.