ஐம்பதிலும் வளையும் விரல்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" நாற்பதைக் கடந்த நான் வீணை வகுப்பில் சேர்ந்ததும் நம்மவர் வீசிய முதற் கணை இதுவே. பிள்ளைகளை இளமையிலேயே நெறிப்படுத்துங்கள் என்பதற்கு எழுந்த பழமொழி அது. பெரியவர்களுக்குக் கல்விக் கதவை அடைப்பதற்கு எழுந்ததன்று.

வீணையில் மெட்டுகள் 24. வாசிப்புத் தந்திகள் 4, தாளத் தந்திகள் 3. எந்த வயதினருக்கும் முதற்பாடம் மாயாமாளவகௌளையில் அமைந்த சரளி வரிசைதான். தந்தியை அழுத்தும் விரல்நுனி சிறுவருக்கும் வலிக்கும், பெரியவருக்கும் வலிக்கும். நாள்தோறும் பயின்றால் தோல் தடித்து வலி தணியும். பெரியவர் விரல் மெதுவாகப் பழகலாம். ஆயின், தாளக் கணக்கைக் காரணத்தோடு புரிந்துகொள்ளும் பக்குவம் அவரிடம் உண்டு. அரங்கேற்றம் ஒன்றே குறிக்கோள் என்று யார் விதித்தது?

பெற்றோரே, பிள்ளையை இசை வகுப்பில் விட்டுவிட்டு மகிழுந்தில் காத்திருக்கிறீர்கள்; வீடு திரும்பியதும் "பயிற்சி செய்" என அதட்டுகிறீர்கள். ஒரே வரிசையில் பன்முறை தடுமாறுவதன் வேதனையை அறியாதவரின் அதட்டலுக்கு என்ன மதிப்பு?

ஆசிரியர்களே, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் ஒன்றாம் ஆண்டு மாணவனின் நிலையை எந்தப் பட்டறையும் நமக்கு முழுமையாக உணர்த்தாது. அபசுரம் எழுப்பும் நம் விரல்கள் உணர்த்தும்.

வாழ்நாள் கல்வி என்று கூட்டந்தோறும் முழங்குகிறோம். கற்கும் பெரியவரைக் கண்டால் நகைக்கிறோம். இம்முரணைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிந்திப்போம்!