அறை ஒதுக்கீட்டில் தொடங்கும் தோழமை

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் விடுதிக்கு வரும் புதிய மாணவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது: அறைக்குள் முடங்காதீர்கள், எல்லோருடனும் பழகுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பழகத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஊர், தெரு, தந்தையின் தொழில், நுழைவுத்தேர்வுத் தரவரிசை எனக் கேள்விகள் வருகின்றன. எதுவும் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. எல்லாமே சாதியைத்தான் தேடுகின்றன. விடை தெரிந்ததும் பேச்சு குறைகிறது. பின்னர், ஒதுக்கப்பட்டவரிடமே 'நீதான் ஒதுங்கிப்போகிறாய்' என்றும் சொல்லப்படுகிறது.

நட்பு அமையாமை தனிமனிதக் கூச்சத்தால் வருவது என்ற இந்தக் கருத்தை அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே மறுக்கிறது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், அங்கு மாணவர் விடுதியில் நவல் பத்தேனா என்ற பார்சி மாணவருடன் தங்கினார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர வந்தபோதோ, பார்சி விடுதியிலிருந்து தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. தங்க இடம் கேட்டு அவர் நாடிய இரு நண்பர்களும், ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர், கைவிரித்தனர். அம்பேத்கரின் பழகும் திறன் இதற்கிடையில் குறைந்துவிடவில்லை. யார் யாருடன் ஒரே கூரையின்கீழ் வாழலாம் என்பதைத் தீர்மானித்த அமைப்புதான் வேறாக இருந்தது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை ஆய்ந்த தோரட் குழு, 2007இல் அளித்த அறிக்கையில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட விடுதிகளின் மேல்தளங்களில் குவிந்து வாழ்ந்ததைப் பதிவுசெய்தது. அப்படி வாழ வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. பிற இடங்களில் எதிர்கொண்ட இழிவும் அச்சுறுத்தலும் அவர்களை அங்கே தள்ளின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 'அவர்களே தனியாகச் சேர்ந்துகொள்வது'. உள்ளிருப்பவருக்கு அது புகலிடம்.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனையும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. விடுதியும் பொது இடங்களும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. தோழமை எங்கே உருவாகிறது என்பதை நிர்வாகங்கள் நன்கறியும். வெளியேற்றப்பட்ட மாணவர்கள் வளாகத் திறந்தவெளியில் அமைத்த இடத்துக்கு, ஊருக்கு வெளியே உள்ள சேரியைக் குறிக்கும் 'வெலிவாடா' என்ற தெலுங்குப் பெயரையே சூட்டினர். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை நாம் இழந்தோம்.

அதற்கு ஒன்பது நாட்களுக்குப் பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிய அத்திருத்தம், ஒருவரோடு இயல்பாகப் பேண வேண்டிய சமூக உறவைத் தவிர்ப்பதையும் அவரைப் பிறரிடமிருந்து தனிமைப்படுத்துவதையும் அதன் வரையறைக்குள் கொண்டுவந்தது. விடுதி, உணவுக்கூடம், விளையாட்டுத்திடல் ஆகியவற்றில் பிரித்துவைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளும் பாகுபாடாகக் குறிப்பிட்டன.

எனினும் சட்டத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழும் இழிவுரை, 'பொதுப்பார்வை' என்ற நிபந்தனையை நிறைவுசெய்யாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. விடுதி அறை என்பதே நான்கு சுவர்கள்தாம். ஆகவே இழிவுரை நிகழ்ந்தால் நாள், நேரம், இடம், கேட்டவர்கள் யார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகை வாங்குங்கள்.

எவரையும் நட்புக்கொள்ளுமாறு எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது. நட்பு முளைக்கும் நிலத்தைச் சமன்படுத்துமாறு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியும். அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பட்டியலிலிருந்து இடஒதுக்கீட்டுப் பிரிவையும் தரவரிசையையும் நீக்கட்டும். உணவின் பெயரால் தனி வாசல், தனி மேசை வேண்டாம். 2018இல் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவ, அசைவ உணவினருக்குத் தனித்தனி வாசல்கள் என ஒட்டப்பட்ட அறிவிப்பு, மாணவர் எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டது. கேட்டால் மாறும் என்பதற்கு அதுவே சான்று.

தலித் மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நண்பர் அமையாதது உங்கள் குறையன்று. அம்பேத்கர் வாசிப்பு வட்டத்தில் நீங்கள் தேடும் துணையைப் பிரிவினை என்று பழிப்பவர்களுக்கு விளக்கம் அளிக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. அந்தக் கடமை மற்ற மாணவர்களுடையது. ஒரு மேசையிலிருந்து எல்லோரும் எழுந்து செல்லும்போது, தட்டை எடுத்துக்கொண்டு அங்கே சென்று அமருங்கள். அரசியலமைப்பின் முகப்புரை கூறும் சகோதரத்துவம், வளாகத்தில் அங்கிருந்தே தொடங்குகிறது.