ஆமைகளைக் கொன்றது எது?

கரையில் ஆமை செத்துக் கிடந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு புதைத்துவிடுகிறோம். அது ஏன் செத்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கேட்டார்கள். அங்கு நோயுற்றும் இறந்தும் கரைசேர்ந்த நூறு பேராமைகளை 2006 முதல் 2009 வரை ஆராய்ந்தபோது, சாவுக்கான காரணங்களுள் முதலிடம் பெற்றது ஒரு தட்டைப்புழு. இதயத்திலும் குருதிக் குழாய்களிலும் வாழ்ந்து இரத்தத்தையே உண்பது அது. அதனினும் கொடியவை அதன் முட்டைகள். குருதியோடு சென்று மூளை, நுரையீரல், மண்ணீரல், குடல் எங்கும் தேங்கி, நுண்குழாய்களை அடைத்து, அழற்சிக் கட்டிகளை உண்டாக்குகின்றன.

எனினும், நலமாய்த் திரியும் ஆமைகளிடத்தும் இப்புழு உண்டு! அதே மாநிலத்தில் 2011 இல் பெருவெள்ளமும் சூறாவளியும் கடற்புல்லை அழித்தபின், மெலிந்த ஆமைகள் பெருந்தொகையாய்க் கரையொதுங்கின. எனவே, புழுவைக் கண்டதும் ‘இயற்கை மரணம்’ என்றெழுதிக் கோவையை மூடிவிடுதல் நியாயமன்று. உணவிழந்து நலிந்த உடலில் புழு மட்டுமா குற்றவாளி?

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். ஐவகைக் கடலாமைகள் இங்கு முட்டையிட வருகின்றன. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபின் கரைசேர்ந்த சடலங்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் கப்பலைச் சாடுவோரும் நோயைக் காட்டித் தப்புவோரும் சான்று காட்டியாக வேண்டும். முட்டைகளோ நுணுக்குக்காட்டிக்கே புலப்படுபவை; உடல் அழுகிவிட்டால் அந்தச் சான்றும் அழிந்துவிடும்.

ஆகவே, அரசாங்கத்தை நாம் கேட்பது இதுவே: ஒதுங்கும் ஒவ்வோர் ஆமையையும் அழுகுமுன் மிருக வைத்தியர் அறுத்துச் சோதிக்கட்டும், முடிவு மும்மொழியிலும் வெளிவரட்டும்.