மேனி வனப்பும் உண்ணும் உணவும்

அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பது பழமொழி. அகம் என்னுஞ் சொல்லுக்கு வயிறு என்றும் ஒரு பொருள் கொள்ளலாம் என்பது நம் எண்ணம். உண்ட உணவு செவ்வையானதா அன்றா என்பதைத் தோலைப் போல விரைவிலே காட்டிக் கொடுக்கும் உறுப்பு வேறில்லை. ஆயினும், தோலுக்கு ஒரு குறை நேர்ந்தால் நாம் முதலிலே நாடுவது கடைத்தெருவை; அடுக்களையை அன்று. இவ்வாரம் இதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தோல் வெறும் போர்வையன்று. அதன் மேற்படை ஏறக்குறைய ஒரு மாதத்திற்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. பழைய கலங்கள் உதிரப் புதியவை அடியிலிருந்து எழுகின்றன. புதியது எழ வேண்டுமாயின் அதற்கான பொருள் இரத்தத்தின் வழியே வந்து சேர வேண்டும். பொருள் குறைந்தால் வேலையும் குறைவாகவே முடியும். மேலே பூசும் பூச்சு ஈரத்தைக் காக்கலாம், வெடிப்பை ஆற்றலாம். ஆனால் கட்டுமானப் பொருளுக்கு ஈடாக மாட்டாது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. நம் இலங்கையிலேயே பணியாற்றிய லூசியஸ் நிக்கொல்ஸ் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர், 1933ஆம் ஆண்டிலே ஒரு தோற்கேட்டை விவரித்து அதற்குப் பெயரும் சூட்டினார். முழங்கை, முழங்கால், தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் தடித்து, முள்முள்ளாக எழுந்து, தோல் தேரையின் முதுகு போலச் சொரசொரப்பாகும். ஆதலின் 'தேரைத்தோல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அவர் அதற்கு இட்டார். அடுத்த ஆண்டிலே அந்நோயும் வாய்ப்புண்ணும் இத்தீவிலே எவ்வளவு பரவியிருந்தன என்பதையும் ஆராய்ந்து எழுதினார். 'ஏ' என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. 'பி' வகை உயிர்ச்சத்துக்களும், உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பமிலங்களும் குறைவதாலும் இந்நிலை உண்டாகும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தின.

மேல்நாட்டார் கதையும் இதுவே. சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களின் கழுத்திலும் கைகளிலும் தோல் கருகி உரியும் 'பெலாகிரா' நோயைத் தொற்றுநோய் என்றே பலர் நம்பியிருந்தனர். 1914இல் அமெரிக்க அரசினரால் அனுப்பப்பட்ட யோசேப்பு கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த உணவினாலேயே அதைத் தடுத்துக் காட்டினார். குறைந்திருந்தது 'நியாசின்' என்னும் உயிர்ச்சத்து என்பது 1937இலேதான் வெளியாயிற்று.

நிற்க. நம் வாவிக்கரையிலே என்ன குறை? ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியிலே மீனும் இறாலும் நண்டும் உள. கடலிலிருந்து சூடையும் கீரிமீனும் வருகின்றன. இச்சிறு மீன்களை ஏழைகளின் கறி என்று இகழ்வோர் உண்டு. தோலின் நெய்ப்பசைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு அவற்றிலேதான் மிகுந்துள்ளது. படுவான்கரை வயல்கள் நெல்லைத் தருகின்றன. பச்சைப் பெருமாள் போன்ற சிவப்பரிசியைத் தவிடு போகத் தீட்டாமல் சமைத்தால் 'பி' வகைச் சத்துக்கள் வீணாவதில்லை. முட்டியிலே உறைந்து வரும் எருமைத் தயிரோ நாடறிந்தது. வாய்க்கடை வெடித்துப் புண்ணாவதைத் தடுக்கும் 'ரைபோபிளேவின்' தயிரிலே உண்டு.

கீரைகளைக் கேட்கவே வேண்டாம். முருங்கையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வேலியோரத்திலே கிடைப்பன. இவற்றிலும் பப்பாசி, பூசணி ஆகியவற்றிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருளை உடல் 'ஏ' உயிர்ச்சத்தாக மாற்றிக் கொள்ளும். ஆனால் அது கொழுப்புடன் சேர்ந்தே உடலிற் சுவறும். நம் பெண்கள் கீரையைத் தேங்காய்ப்பூவும் மாசியும் இட்டுச் சுண்டி, அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய் பிழிகின்றனர். எத்தனை நுட்பமான முறை! தேங்காயின் கொழுப்பு மஞ்சட் சத்தைச் சேர்ப்பிக்கின்றது. சூடு தணிந்தபின் பிழிந்த புளியிலே 'சி' உயிர்ச்சத்து அழியாமல் நிற்கின்றது. அதுவே இலையின் இரும்புச் சத்தையும் ஏற்கச் செய்கின்றது. தோலை இறுகப் பிணைக்கும் நார்ப்புரதம் உருவாவதற்கும் 'சி' சத்து இன்றியமையாதது. கொய்யாப்பழத்திலே அது தோடம்பழத்தினும் ஏறக்குறைய நான்கு மடங்கு உண்டு. ஆயினும் வளவிலே கொய்யா உதிர்ந்து அழுக, கடையிலே அப்பிள் வாங்குவோர் நம்மிடையே இல்லையா?

இத்தனை வளம் இருந்தும் குறை நேர்வதற்கு இரு காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று வறுமை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மீனையும் முட்டையையும் கைவிட்ட குடும்பங்கள் பல. அவர்களுக்கு அறிவுரை மட்டும் போதாது. ஆயினும் ஒரு முருங்கைக் கம்பும் இரண்டு கோழியும் ஓரளவேனும் உதவும்.

மற்றது நம்பிக்கை. பிள்ளைக்குச் சிரங்கோ சொறியோ கண்டதும், 'கிரந்தி' என்று சொல்லி மீன், இறால், முட்டை, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாய் நிறுத்திவிடுகின்றோம். மகப்பேற்றின் பின் தாய்க்கும் இவ்வாறே பத்தியம் நீளுகின்றது. இறால் அல்லது நண்டு உண்டதும் உடல் தடித்து மூச்சு முட்டுவோர் உண்மையிலே உளர். அவர் அதை அறவே விலக்கத்தான் வேண்டும். ஆனால் சிரங்கு ஒரு நுண்பூச்சியால் வருவது. வீட்டிலுள்ளார் அனைவரும் மருந்து பூசினாலன்றிப் போகாது. அதற்காக மீனை நிறுத்துவது, புண்ணை ஆற்றும் புரதத்தையும் நாகச் சத்தையும் நிறுத்துவதாகும். மூத்தோர் சொல்லை நாம் இகழவில்லை. ஐயமுற்ற உணவு ஒன்றை மட்டும் சில நாள் விலக்கிப் பார்ப்பதும், வைத்தியரைக் கேட்பதும், ஏனையவற்றைத் தாராளமாக ஊட்டுவதும் அன்றோ அறிவுடைமை?

தோற்குறை யாவும் உணவால் வருவன என்றும் எண்ணற்க. உணர்ச்சியற்ற வெளிறிய படை ஒன்று தோன்றின், தேமல் என்று காலங்கடத்தாது அரச மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நம் வாவியின் மாந்தீவிலே முன்னாளில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்தனர். இன்று அந்நோய் மருந்தினால் முற்றாகக் குணமாவது. ஒதுக்கவும் வேண்டியதில்லை, ஒளிக்கவும் வேண்டியதில்லை.

இறுதியாக ஒரு சொல், பெண்மக்களைப் பெற்றோருக்கு. கல்லூரியிலே நாம் காணும் மாணவியருட் பலர் காலையுணவின்றி வருகின்றனர். ஆனால் முகத்திலே வெண்மைப் பூச்சு உண்டு. நிறத்தைத் தருவது தோலிலுள்ள கருநிறப் பொருள். நம் வெயிலுக்கு அது இயற்கை பிடித்த குடை. சில பூச்சுக்கள் பாதரச உப்பைக் கொண்டு அக்குடையை மடக்குகின்றன. அவ்வுப்பு தோல்வழி உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஜப்பானிலே 1956இல் பாதரச நஞ்சினால் மக்கள் மாண்ட மினமாட்டா நகரின் பெயரால் 2013இல் உலக உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. பாதரசம் கலந்த ஒப்பனைப் பொருள்களை 2025க்குள் ஒழிப்பதென்று அதன் உறுப்பு நாடுகள் 2023இல் தீர்மானித்தன. ஆயினும், சேர்மானம் எழுதப்படாத டப்பாக்கள் கடைகளிலே நுழையாமலில்லை.

பெண் பார்க்க வருவோர் நிறத்தை வினவும் வழக்கம் ஒழியும்வரை இக்கடைக்காரரைப் பழித்துப் பயனில்லை. கறுத்த மேனியும் பளபளக்கும். வெளுத்த மேனியும் சோரும். பளபளப்பைத் தருவது போசாக்கு. அடுத்த மாதம் அந்த டப்பாவுக்கு எடுத்து வைக்கும் பணத்திலே மகளுக்கு முட்டையும் தயிரும் வாங்கிக் கொடுங்கள். கீரைச்சுண்டலை அவள் கோப்பையிலும் தம்பியின் கோப்பைக்குச் சமமாக இடுங்கள். தோல் புதிதாக ஒரு மாதம் செல்லும். அதுவரை பொறுத்திருந்து பாருங்கள்.