ஓதற்பிரிவும் பாலை மண்ணும்

கல்வி கருதிப் பிரியும் பிரிவைத் தொல்காப்பியர் பிரிவு வகைகளுள் முதற்கண் வைத்தார். அதற்கு மூன்றியாண்டு எல்லையும் வகுத்தார். கற்கச் சென்றவன் மீண்டு வந்து தன் மனைக்கும் ஊர்க்கும் பயன்பட வேண்டும் என்பதே அவ்வெல்லையின் கருத்தென யாம் கொள்கிறோம். கலை பயில அயல்நாடு செல்லும் இக்கால மாணவர்க்கும் இவ்விதி பொருந்துவதேயாம்.

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட எம்மூராகிய விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் உள. மண்கூழை அச்சில் வார்த்துச் சூளையிற் சுட்ட பொம்மைகள் இவ்வூரின் பெயரைப் பரப்பின. ஆயினும் அச்சு எவர் கைக்கும் அகப்படும். அதே உருவை அயலூரார் மலிவாக வார்த்துவிடின் நம்மவர் பிழைப்பு என்னாம்? நமக்கே உரிய வடிவும் வண்ணமும் வேண்டாவோ? அவற்றைக் கண்டெடுக்கும் கண்ணை எங்கே பெறுவது?

மெக்சிகோ நாட்டின் வடபால், சிவாவாப் பாலையில் மாட்டா ஓர்ட்டீஸ் என்றொரு சிற்றூர் உளது. அங்கே விறகு பொறுக்கச் சென்ற ஹுவான் கெசாடா என்னும் ஏழைச் சிறுவன், 500 ஆண்டுகட்கும் முன்னர்ப் பாழ்பட்ட பாக்கிமே நகரின் பண்பாட்டைச் சார்ந்த பானை ஓடுகளைக் கண்டான். கற்பிப்பார் ஒருவரும் இலர். அம்மலைகளின் மண்ணையும் நிறக்கற்களையும் பல்லாண்டு ஆராய்ந்து, திகிரியின்றிக் கையால் வனைந்து, தலைமயிர்த் தூரிகையால் கோலம் எழுதி, மாட்டுச் சாணத்தாற் சுட்டு, மறைந்த கலையை அவர் உயிர்ப்பித்தார். 1976-ல் ஸ்பென்சர் மெக்காலம் என்னும் அமெரிக்கர், பழம்பொருட் கடையொன்றிற் கண்ட மூன்று கலங்களின் அழகில் ஈடுபட்டு, அவற்றைச் செய்தவரைத் தேடி அவ்வூரை அடைந்தார். பின்னர் அவ்வூரார் நூற்றுக்கணக்கானோர் அக்கலையால் வாழ்வு பெற்றனர். கெசாடா 2022-ல் மறைந்தார், கலை மறையவில்லை.

"பாலையிற் கற்க யாதுளது? சப்பான் செல்லலாகாதோ?" என்பாரும் உளர். செல்லலாம். 1919-ல் குருசரண் சிங் சப்பான் சென்று பயின்றதனால் நம் நாட்டு மட்கலக் கலை புத்துயிர் பெற்றது உண்மையே. ஆயின், எல்லாக் கருவியும் நிறைந்த இடத்தில் மாணவன் கருவியை நம்பக் கற்பான். ஒன்றுமில்லாப் பாலையில் மண்ணை நோக்கக் கற்பான். நமக்கு இன்று குறைவது பின்னதே.

புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் அகழ்ந்தெடுத்த கலவோடுகள் உலகறிந்தவை. கடலூர் மாவட்டத்து மருங்கூரிலும் 2024-ல் அகழாய்வு நிகழ்ந்தது. ஆங்கும் பழம்பானை ஓடுகள் வெளிப்பட்டன. நம் வாயிலிற் கிடக்கும் இவற்றைக் கெசாடாவின் கண்கொண்டு நோக்குவார் யாவர்?

ஆதலின், அரசும் செல்வரும் ஆண்டுதோறும் மாணவர் இருவர்க்கேனும் பொருளுதவி நல்கி அப்பாலைக்கு அனுப்புவாராக. மீண்டு வந்து இவ்வூரிற் கற்பிக்கும் கடப்பாட்டையும் விதிப்பாராக. அயல்நாட்டுக் கோலத்தைப் படியெடுத்து வருவோர் வேண்டா. மணிமுத்தாற்றங்கரை மண்ணின் இயல்பை ஆராயக் கற்று வருவோரே வேண்டும்.