காசைத் தேய்க்காதீர்கள்!



சிங்காநல்லூருக்குத் தெற்கே நொய்யலைக் கடந்தால் வெள்ளலூர். அங்கே 1842-ஆம் ஆண்டு கிடைத்த புதையல் ஒன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்கள் காலத்தவை.

பழங்காசு சேர்ப்பது நல்ல பழக்கமே. ஆனால் கிடைத்த காசைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பதும், எங்கே கிடைத்தது என்று கேளாமல் விலைக்கு வாங்குவதும் தவறு என்பேன்.

வெள்ளிக் காசின் மேல் படியும் கறுப்பு வெறும் அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி கூடி உண்டான வெள்ளி சல்பைடு அது. அதைத் தேய்த்து எடுத்தால் காசின் வெள்ளியே போகிறது. எழுத்தும் உருவமும் மழுங்குகின்றன.

கிடைத்த இடம் ஏன் முக்கியம்? கி.பி. 64-இல் நீரோ மன்னன் ரோமானிய வெள்ளிக் காசின் எடையையும், அதிலிருந்த வெள்ளியின் அளவையும் குறைத்தான். நம் நாட்டுப் புதையல்களில் மிகுதியாக இருப்பவை அதற்கு முந்திய காசுகளே. நம் வணிகர்கள் நல்ல வெள்ளியைத் தேர்ந்து வாங்கினர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒரே குவியலில் எந்த மன்னன் காசு எத்தனை என்று எண்ணிக் குறித்து வைத்ததால்தான் இவ்வாறு சிந்திக்க முடிந்தது. குவியல் கலைந்து கடைக்குப் போன தனிக்காசு இதைச் சொல்லுமா?

உரசாமலே வெள்ளியைச் சோதிக்க வழி உண்டு. பாட்டியின் பெட்டியிலுள்ள பழைய வெள்ளி ரூபாயைக் கேட்டு வாங்குங்கள். 1939-க்கு முந்திய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்ததில் 50 பங்குதான். இரண்டின் எடையும் 11.66 கிராமே! கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை நீர் காட்டிக் கொடுக்கும். பள்ளி ஆய்வகத்தின் நுண்தராசில் காசை நூலில் தொங்கவிட்டு, நீரில் மூழ்கவைத்து நிறுங்கள். முன்னது சுமார் 1.13 கிராம் எடை இழக்கும். பின்னது சுமார் 1.22 கிராம். காசு தேய்ந்திருந்தால், காற்றில் உள்ள எடையை எடையிழப்பால் வகுத்து ஒப்பிடுங்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தேர்வுக்கு மட்டுமன்று!

கிணறு வெட்டும்போதோ காடு உழும்போதோ பழங்காசுகள் கிடைத்தால் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரியவர்கள் மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் அதையே சொல்கிறது. காசு அரசிடம் போகலாம். அது சொல்லும் செய்தி நம் எல்லோருக்கும் கிடைக்கும்.