கொள்ளைக்காரன் மனைவி

வைக்கிங் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்கிறவன் யார்? தலைக்கவசத்தில் இரண்டு மாட்டுக் கொம்பு, கையில் கோடரி, பின்னால் பற்றி எரியும் மாதா கோயில். அந்தக் கொம்பு சுத்தப் பொய். வைக்கிங்குகளுடையது என்று சொல்லத்தக்க கொம்பு வைத்த கவசம் ஒன்றுகூட எந்த மண்ணிலிருந்தும் கிடைத்ததில்லை. 1876-இல் ஜெர்மனியில் அரங்கேறிய வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வகுத்தவருக்குத்தான் அதைப் பரப்பிய புண்ணியத்தில் பெரும் பங்கு!

கொம்பு போகட்டும். என் சண்டை என் சக நாவலாசிரியர்களோடு. 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடம் சூறையாடப்பட்டதில் தொடங்குகிறார்கள், ரத்தத்திலேயே முடிக்கிறார்கள். அடிபட்ட துறவிகள் எழுதிய ஏடு அப்படித்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேட்டில் 876-ஆம் வருஷத்துக்கு நேரே இன்னொரு செய்தியும் இருக்கிறதே! ஹால்ஃப்டான் என்ற தலைவன் நார்த்தம்பிரியா நிலங்களைப் பங்கிட்டுக் கொடுத்தான். அவன் ஆட்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். ஏர் பிடித்தவுடன் அவர்களுக்குக் கதை இல்லாமல் போய்விட்டதா? குடித்தனம் என்றால் அங்கே ஒரு பெண் இருக்க வேண்டாமா? அவளைப் பற்றி ஏடு வாயே திறக்கவில்லை.

திறந்தது வயல்தான். உலோகத்தைக் கண்டால் ஒலியெழுப்பும் கருவியோடு உழுத நிலங்களில் அலைகிறவர்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்ய இங்கிலாந்தில் 1997-இல் ஒரு திட்டம் வந்தது. லிங்கன்ஷயரிலும் நார்ஃபோக்கிலும் பெண்கள் ஆடையில் குத்திக்கொள்ளும் ஊக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஜேன் கெர்ஷா என்ற ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்ட நூல் இத்தகைய நகைகள் 500-க்கும் மேற்பட்டவற்றை ஆராய்கிறது. பெரும்பாலும் செம்புக் கலவை, வெள்ளிகூட இல்லை. கொள்ளையடித்து மூட்டை கட்டுகிற சரக்கா இது? வேலைக்குப் போகும்போது குத்திக்கொண்டு, வரப்பில் எங்கோ தவறவிட்டுவிட்டு, விளக்கு வைத்த பிறகு தேடுகிற சாமான்!

‘வியாபாரி கொண்டு வந்து விற்றிருப்பான்’ என்று ஒரு கட்சி. சொல்லலாம். ஆனால் ஊக்கைத் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலேயப் பெண் அணிந்தது தட்டையான வட்டம். ஸ்காண்டிநேவியப் பெண்ணுடையது முதுகு சற்றே குவிந்தது. பின்புறத்தில் ஊசி பொருத்தும் முறையே வேறு. எதையாவது தொங்கவிடத் தனி வளையமும் உண்டு. அந்த ஊர் உடைக்கு ஏற்ற அமைப்பு அது. உடுத்துகிறவள் இல்லாமல் ஊக்கு மட்டும் கடல் கடந்து வந்து இத்தனை வயல்களில் சிதறுமா? 872-873 குளிர்காலத்தில் படை தங்கிய டார்க்ஸி முகாமிலேயே நூல் நூற்கும் தக்ளி வில்லைகள் கிடைத்திருக்கின்றன. போர் முகாமில் நூற்றது யார்?

படையெடுப்பைப் பூசி மெழுக நான் வரவில்லை, எரிந்தது எரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுங்கள் என்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தவை இன்னொரு வகை ஊக்குகள். மேலே செதுக்கியிருப்பது ஸ்காண்டிநேவியச் சித்திர வேலை. அடியில் இருப்பதோ ஆங்கிலேயரின் தட்டை வட்டமும் ஊசியும். எந்த வீட்டு மருமகள் கேட்டு, எந்த ஊர்க் கம்மியன் அதை வார்த்துக் கொடுத்தானோ!